ஒன்பது வகுப்புகள்

விசில் ஊதிவிட்டேன். ஊதிய பிறகுதான் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன், அரை விநாடி பிந்தியிருக்கும், அரை விநாடியில் யார் எவ்வளவு தூரம் ஓடிவிடப் போகிறார்கள், இருந்தாலும் அந்த அரை விநாடி உறுத்துகிறது, இருபத்திரண்டு வருஷமாக உறுத்துகிறது, ஊதுகிற வாய்க்கும் அழுத்துகிற விரலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அதை ஒருநாளும் மூட முடிந்ததில்லை. இருபது பிள்ளைகள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். இன்னும் இருபது பேர் பிளாஸ்டிக் விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாளும் பேனாவுமாக, அவரவர் ஜோடி எத்தனை சுற்று வருகிறாள் என்று எண்ணப் போகிறார்கள். பன்னிரண்டு நிமிஷம். அவ்வளவுதான் இந்தச் சோதனை. ஓடலாம், நடக்கலாம், நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓடலாம், பன்னிரண்டாவது நிமிஷம் விசில் கேட்கும்போது யார் எங்கே நிற்கிறாளோ அதுதான் அவள் தூரம். ஜூலையில் ஒரு தடவை ஓடினார்கள். இது நவம்பர். நடுவில் என் உடற்கல்வி வகுப்பு இருந்தது, வாரத்துக்கு ஒன்று, புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஏழு ஐம்பது வரை. ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவில் இந்த உடம்புகளுக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடித்து, அதை எண்ணாக எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் டீன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முதல் வளைவு வரை எல்லோரும் பறக்கிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும் பிள்ளைகளா, பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் மழையில் ஊறின மண், கால் பட்ட இடமெல்லாம் கறுத்துத் தெரிகிறது, இரண்டாவது வளைவில் தேங்கின தண்ணீருக்கு மேல் மணல் போட்டிருக்கிறோம், அங்கே யாரும் வழுக்கிவிடக் கூடாது. கடைசியாகப் போகிறவளைப் பார்க்கிறேன். இருபது பேரையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன், கண் அவளிடமேதான் போகிறது. சண்முகவடிவு. வேதியியல் முதலாண்டு. புது ஷூ, வெள்ளை, இன்னும் ஒரு பொட்டு மண் படவில்லை. ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கையையும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதையோ ததும்பாமல் ஏந்திக்கொண்டு போகிறவள் மாதிரி போகிறாள்.

நான்தான் அவளைக் கோட்டில் நிறுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டாம். ஆறே முக்காலுக்கு நான் பூட்டைத் திறக்கும்போதே விளையாட்டுச் சாமான் அறை வாசலில் வந்து நின்றாள். "மேடம், இன்னைக்கு நானும் ஓடட்டுமா?" கையில் மடித்த தாள். ஜூலையில் அவள் கொண்டுவந்தது வேறு தாள், ஊர் டாக்டர் கையெழுத்து, கடுமையான உடற்பயிற்சி தவிர்க்கவும் என்று. அம்மா கேட்டு வாங்கின தாள் அது. இந்தத் தாள் நம் பல்கலைக்கழக மருத்துவமனை டாக்டர் கொடுத்தது, இசிஜி எடுத்திருக்கிறார், டவுனுக்கு அனுப்பி எக்கோ ஸ்கேனும் எடுத்திருக்கிறார், இதயத்தில் எந்தக் குறையும் இல்லை, எல்லாப் பயிற்சியும் செய்யலாம். நான் இரண்டு தடவை வாசித்தேன். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" அவள் ஷூவைப் பார்த்தாள். "சொல்லல மேடம். சொன்னா விடமாட்டாங்க." பதினெட்டு வயது முடிந்த பிள்ளை, டாக்டர் தாள் இருக்கிறது, சட்டப்படி எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் சட்டத்தை யார் பார்க்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவள் அப்பா இவளோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். நகர ஆரம்பித்துவிட்ட பஸ்ஸைப் பிடித்தார், இவளையும் ஏற்றிவிட்டார், உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்தார், இறங்க வேண்டிய இடத்தில் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தேழு வயது. அன்றைக்கு இவளுக்குப் பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை. "ஓடுனதாலதான் மேடம்" என்று ஆகஸ்டில் ஒருநாள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதற்காகவும் ஓடுவதில்லை. மழை வந்தால் காயப்போட்ட துணி நனைந்தாலும் நடந்துதான் போய் எடுப்பார்களாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் இன்றைக்குச் சொன்னேன், "ஓட வேண்டாம்னு தோணுன நிமிசம் நின்னுறணும். யாரும் சிரிக்க மாட்டாங்க. எனக்காக ஓடக் கூடாது." "உங்களுக்காக ஓடல மேடம்" என்றாள், கொஞ்சம் வேகமாகவே.

இரண்டு நிமிஷம் நாற்பது. முதல் ஆள் ஒரு சுற்றை முடித்துவிட்டுப் போகிறாள், நாகஜோதி, அவளுக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றுமில்லை, அவள் பள்ளிக்கூடத்திலேயே ஓடிப் பழகினவள். அவள் ஜூலையில் ஆயிரத்து அறுநூறு ஓடினாள், இன்றைக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது ஓடுவாள், அந்த ஐம்பது மீட்டர் என் வகுப்பால் வந்ததா அவள் விடுதி மாடிப்படியால் வந்ததா என்று எந்த விஞ்ஞானி சொல்வான். போன வாரம் டீன் கூப்பிட்டார். நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "குருவம்மா மேடம், நான் உங்களுக்கு எதிரி இல்ல. கூட்டத்துல கேக்குறாங்க. அந்த ஒரு மணி நேரத்துல ஆப்டிடியூட் கிளாஸ் வச்சா பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குது. ஓடுனா என்ன கிடைக்குதுன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?" நான் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கறிவேப்பிலை மிதந்தது. "ஒரு பத்து சதவீதம் முன்னேற்றம் காட்டுங்க. பத்து போதும். மத்ததை நான் பேசிக்கிறேன்." காட்டுங்க என்றார். அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைகள் உண்டு. முதல் சோதனையை உச்சி வெயிலில் வைத்தால் போதும், பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள், கடைசிச் சோதனையைக் காலைக் குளிரில் வைத்தால் தானாகவே பத்து பதினைந்து ஏறிவிடும். நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் செய்யாமலே கொஞ்சம் நடந்துவிட்டது. ஜூலையில் பாதிப் பேர் செருப்போடு ஓடினார்கள், துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், எப்படி ஓடுவது என்றே தெரியாமல் முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு ஷூ இருக்கிறது, துப்பட்டாவைப் பின் குத்தி இடுப்பில் முடிந்திருக்கிறார்கள். தூரம் கூடினால் அது நுரையீரல் கூடினதா, ஷூ கூடினதா? வகுப்புகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு புதன்கிழமைகள். மழைக்கு மூன்று, கலைவிழாவுக்கு இரண்டு, பரீட்சைக்கு இரண்டு, யாரோ பெரிய மனிதர் வந்ததற்காக ஒன்று. மிச்சம் ஒன்பது. ஒன்பது தடவை ஐம்பது நிமிஷம், அதில் வருகைப் பதிவுக்குப் பத்து நிமிஷம். நாலு மாதத்தில் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் ஒரு உடம்பு என்ன கற்றுக்கொள்ளும்? ஒரு மாவு புளிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

ஐந்து நிமிஷம். "அஞ்சு ஆச்சு!" என்று கத்துகிறேன். பிரம்மசக்தி கையை ஆட்டிக்கொண்டே போகிறாள், சிரிக்கிறாள், பேச முடிகிறது அவளால், நல்ல வேகம். வடிவு முதல் சுற்றை முடித்து என்னைத் தாண்டிப் போனபோது என்னைப் பார்க்கவில்லை, உதடு அசைந்தது, காலடியை எண்ணுகிறாளோ என்னவோ. முகம் சிவந்திருக்கிறது, வெளிறவில்லை, வெளிறக் கூடாது, உதட்டைச் சுற்றி வெளிறினால் உடனே நிறுத்த வேண்டும். நான் ஏன் இப்படி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வேறொரு கல்லூரியில் நான் இருந்தபோது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், என் மாணவி மெர்சி மூன்றாவது சுற்றில் விழுந்தாள். தடுக்கி விழுந்ததாகத்தான் நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன், துடிப்பு இருந்தது, நன்றாகவே இருந்தது, டொக் டொக் என்று. "துடிப்பு இருக்கு, துடிப்பு இருக்கு, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று சுற்றி நின்றவர்களிடம் கத்தினேன். ஆம்புலன்ஸில் உட்கார்ந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல். அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கென்று சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு, அதனால்தான் நாடி பார்க்க அதை வைக்கக் கூடாது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான், இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். அவ்வளவு நேரமும் என் நெஞ்சு அடிப்பதைத்தான் அவள் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெர்சிக்கு ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவும் அன்று காலையும் சாப்பிடாமல் ஓடியிருக்கிறாள், மயக்கம், குளுக்கோஸ் ஏற்றி சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகூட அனுப்பினாள். எனக்குத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்த நேரம் முடியவே இல்லை. இன்றைக்கும் ஒரு கூடை வாழைப்பழம் வாங்கிவந்து, கோட்டில் நிற்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியாக என் கண் முன்னால் தின்ன வைத்தேன், வேண்டாம் மேடம் வாந்தி வரும் என்ற பெல்சியாவைக்கூட விடவில்லை. அது அக்கறை இல்லை. பயம்.

ஆறரை நிமிஷம். என் இடது முட்டி வலிக்கிறது, ஒரே இடத்தில் நின்றால் வலிக்கும், நடந்தாலும் வலிக்கும், அதற்கு நான் என்ன செய்தாலும் பிடிப்பதில்லை. எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிஷம் பதினெட்டு விநாடியில் ஓடின முட்டி இது. இன்றைக்கு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறுகிறேன். அப்படியானால் ஓட்டம் எனக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால்? என் சித்தி மகள் கேட்டாள், ஒரு வளைகாப்பில், அத்தனை பேர் முன்னால். "அக்கா, காலேஜ்ல என்னதான் பாடம் எடுக்குற? குதிக்கச் சொல்லித் தருவியா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வளையல்காரர்கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே அதற்குப் பதில் யோசித்தேன். குதிக்கத்தான் சொல்லித் தருகிறேன். குனியச் சொல்லித் தருகிறேன், நிமிரச் சொல்லித் தருகிறேன், மூச்சை வெளியே விடச் சொல்லித் தருகிறேன். பதினெட்டு வயது வரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு என்பது மறைக்க வேண்டிய ஒன்று, இல்லையென்றால் வலிக்கிற ஒன்று. பந்து வந்தால் பிடிக்கக் கை நீளாது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள். அது மாறும். ஆறு மணி நேரத்தில் அது மட்டும் கொஞ்சம் மாறும். செப்டம்பரில் பிரம்மசக்தி வந்து சொன்னாள், "மேடம், நேத்து ரயிலுக்கு ஓடுனேன். புடிச்சிட்டேன் மேடம்!" ஏதோ மெடல் வாங்கினவள் மாதிரி முகம். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? ரயிலைப் பிடித்தது: ஆம், இல்லை.

மூன்றாவது வகுப்பில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மழை வரும்போல இருந்தது, ஓட விட முடியாது, கழுத்தோரம் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளும் கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு கண்ணை மேலே தூக்கி எண்ணினார்கள். வடிவு மட்டும் சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டாள். "அடிக்குது மேடம்." "அடிக்கணும்லா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதுவரை ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்து அவளைச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன், நேரம் குறிப்பது அவள் வேலை. அடுத்த வாரம் தூரம் குறிக்கிற செங்கல்களை அடுக்க நானும் வரட்டுமா என்றாள். ஐம்பது மீட்டருக்கு ஒரு செங்கல், எட்டுச் செங்கல், ஒரு சுற்று நடந்தாகிவிட்டது. நடந்து முடித்ததும் என்னைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு கழுத்தில் விரல் வைத்தாள். "நூத்தி நாலு" என்றாள். பிறகு ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிஷம் கழித்துத் தொண்ணூற்றாறு. இரண்டு நிமிஷம் கழித்து எண்பத்துநாலு. "இறங்குது மேடம்!" என்று சத்தமாகச் சொன்னாள், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏறுகிற நெஞ்சு இறங்கும் என்பது இந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஏறினால் நின்றுவிடும் என்றுதான் அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாக மாடிப்படி ஏறும்போதும், பரீட்சைத்தாள் கொடுக்கும்போதும், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும், ஒவ்வொரு தடவை நெஞ்சு அடித்தபோதும் இது நிற்கப் போகிறது என்று காத்திருந்திருக்கிறாள். இறங்கும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் செங்கல் அடுக்கத்தான் விட்டேன்.

ஒன்பதேகால் நிமிஷம். பெல்சியா நடக்கத் தொடங்கிவிட்டாள், நடக்கட்டும். மேகம் விலகிவிட்டது, ஈர மண்ணிலிருந்து புழுக்கம் எழும்புகிறது, முதுகில் சட்டை ஒட்டுகிறது. யாரோ என் பக்கத்தில் சொல்கிறாள், "மேடம், வடிவு நின்னுட்டா." நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவது சுற்று, எதிர்ப்பக்கம், ஐந்தாவது செங்கல் பக்கத்தில் நின்றுவிட்டாள். நடக்கவில்லை, குனியவில்லை, நேராக நிற்கிறாள், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு. நடுமைதானம் வழியாகப் போனால் எண்பது மீட்டர். முட்டி இருந்த காலத்தில் பன்னிரண்டு விநாடி. இப்போது? அவள் அம்மா முகம் எனக்குத் தெரியாது, தெரியாத முகம் ஒன்று என்னைப் பார்க்கிறது, யாரைக் கேட்டு ஓடவிட்டே என்கிறது. தாள் இருக்கிறதம்மா, முத்திரை இருக்கிறது. தாளை எடுத்து நெருப்பில் போடு என்கிறது அந்த முகம். கால் நகர்ந்துவிட்டது, கோட்டைத் தாண்டிப் புல்லில் நாலு அடி வைத்துவிட்டேன், அப்போது அவள் வலது கை மேலே போவது தெரிகிறது. கழுத்துக்கு. இரண்டு விரல். இங்கிருந்து விரல் தெரியாது, ஆனால் அந்த முழங்கை மடங்குகிற விதம் எனக்குத் தெரியும். எண்ணுகிறாள். நானும் நின்றுவிட்டேன். போகலாமா. போனால் என்ன ஆகும், இருபது பேர் நடுவில் மேடம் நொண்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்ப்பாள், அப்படியானால் ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், ஒன்றும் ஆகாவிட்டாலும் தெரிந்துவிடும். போகாவிட்டால். போகாவிட்டால் மெர்சி. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்கிறது, இது என் சத்தம், என்னுடையது மட்டும், இதை வைத்து அவளைப் பற்றி எதுவும் முடிவு செய்யக் கூடாது. பத்து விநாடி. பதினைந்து. விரிப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். "போய்ப் பாக்கட்டா மேடம்?" "இரு." "மேடம்..." "இருன்னு சொன்னேன்ல." இவ்வளவு கோபமாகப் பேசியிருக்க வேண்டாம். இருபது. கை இறங்கவில்லை. மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடுகிறார்கள், நாகஜோதி வேகத்தைக் குறைத்து அவளிடம் ஏதோ கேட்கிறாள், இவள் தலையை ஆட்டுகிறாள், ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை, நாகஜோதி போய்விட்டாள். முப்பது. கை இறங்கியது. இரண்டு கையையும் ஒருதரம் உதறினாள். பிறகு, யாரோ மெதுவாகத் தள்ளிவிட்டதுபோல, போகத் தொடங்கினாள். முன்னைவிட வேகமில்லை. ஆனால் கை நெஞ்சோடு ஒட்டியில்லை, பக்கத்தில் தொங்கிக்கொண்டு, எல்லோருடைய கையும் ஆடுகிற மாதிரி ஆடுகிறது.

நான் புல்லிலிருந்து பின்வாங்கிக் கோட்டுக்கு வந்தேன்.  "பத்து ஆச்சு!" என்று கத்தவேண்டிய நேரம் தாண்டிவிட்டது, பத்தரை ஆகிவிட்டது, "ஒன்றரை நிமிசம்தான் பிள்ளைகளா!" என்று கத்தினேன், குரல் பிளந்து வந்தது. கடைசி நிமிஷம் எப்போதும் எனக்குப் பிடிக்கும், மிச்சம் வைத்திருந்தவள் யார், வைக்காதவள் யார் என்று அப்போதுதான் தெரியும், பிரம்மசக்தி நாலு பேரைத் தாண்டுகிறாள், பெல்சியாகூட மறுபடி ஓடுகிறாள். விசில். அத்தனை பேரும் அப்படியப்படியே நின்றார்கள், சிலர் இடுப்பில் கைவைத்து, சிலர் மண்ணிலேயே உட்கார்ந்து. "உக்காராதீங்க, நடங்க, நடங்க!" எண்ணினவர்கள் ஓடிப்போய்ச் செங்கலைப் பார்த்துத் தூரத்தைக் குறித்துக்கொண்டு வந்து ஒவ்வொருத்தியாக வாசிக்கிறார்கள். நாகஜோதி ஆயிரத்து அறுநூற்று அறுபது. பிரம்மசக்தி ஆயிரத்து நானூற்று எண்பது, ஜூலையைவிட நூற்று முப்பது அதிகம். பெல்சியா ஆயிரத்து முந்நூற்று எண்பது, ஜூலையைவிட முப்பது குறைவு. "வாழைப்பழந்தான் மேடம் காரணம்" என்கிறாள் பெல்சியா, மூச்சு வாங்கிக்கொண்டே. மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஜூலையிலும் ஓடின பத்தொன்பது பேருக்கும் சராசரி எழுபது எழுபத்தைந்து மீட்டர் கூடியிருக்கும். ஐந்து சதவீதம். இழுத்துப் பிடித்தால் ஐந்தரை. பத்து இல்லை. "சண்முகவடிவு, ஆயிரத்து இருநூற்றைம்பது" என்றாள் அவளுக்காக எண்ணினவள்.

தாளில் இரண்டு பத்தி. ஜூலை, நவம்பர். நவம்பரில் 1250 என்று எழுதினேன். ஜூலைப் பத்தியில் அவள் பெயருக்கு நேரே காலி. இரண்டு எண்ணும் இருந்தால்தான் கணக்கில் சேரும், ஒன்று இல்லாவிட்டால் அந்த ஆளையே எடுத்துவிடுவார்கள், அதுதான் விதி. இந்த வருஷம் இந்த மைதானத்தில் நடந்த பெரிய விஷயம் கணக்கில் வராது. பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நிற்கிறது. ஓடவில்லை என்றால் தூரம் பூஜ்யம்தானே. பொய் இல்லையே. ஒரு பூஜ்யம் போட்டால் இந்த அணியின் சராசரி குதித்துவிடும், ஓடிப்போய்ப் பத்தைத் தொட்டுவிடும், டீன் கேட்ட அதே பத்து, ஒரு அணியில் காட்டினாலே போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அடுத்த வருஷமும் புதன்கிழமை காலை ஏழு மணி எனக்கு இருக்கும், வடிவு மாதிரி இன்னொருத்தி வந்து செங்கல் அடுக்குவாள். நல்லதுக்குத்தானே. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஸ்டாப்வாட்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது வேகமாக ஓடிவந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அது பூஜ்யம் இல்லை. அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பூஜ்யம் இல்லை. அவளை என் பத்து சதவீதத்துக்கு முட்டுக்கொடுக்க நிறுத்தக் கூடாது. "ஓடவில்லை" என்று எழுதினேன், சின்னக் கட்டம், எழுத்து வெளியே பிதுங்கியது. வெள்ளிக்கிழமை இந்த அணிக்கு ஐந்து சதவீதம் என்றுதான் கொடுப்பேன். கீழே ஒரு வரி எழுதுவேன். நடந்தது ஒன்பது வகுப்புகள், அதற்கு இவ்வளவு, வாரத்துக்கு இரண்டு கொடுங்கள், நடுவில் பிடுங்காமல் கொடுங்கள், அதற்குப் பிறகு கேளுங்கள். வகுப்பை எடுத்துவிடுவார்களோ என்னவோ. எடுத்தாலும் எடுக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. எடுக்காமல் இருக்கட்டும்.

இரண்டாவது அணி ஷூ மாட்டிக்கொண்டு கோட்டுப் பக்கம் வருகிறது. வடிவைத் தேடினேன். சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறாள், பையிலிருந்து போனை எடுக்கிறாள். மாணவிகள் மைதானத்தில் போன் எடுக்கக் கூடாது, நான் கண்டும் காணாமல் விட்டேன். தாளோடு அவள் பக்கமாகப் போனேன், முகத்தை ஒருதரம் பக்கத்தில் பார்த்துவிட்டால் போதும் என்று. பழைய போன், எதிர்முனைக் குரல் வெளியே நன்றாகக் கேட்கிறது. "என்னட்டி இந்நேரத்துல? ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?" "எம்மா, ஓடுனேன்."  அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற ஒலி. "எம்மா, இருக்கியா? மூணு சுத்துக்கு மேல. டாக்டர்ட்ட காட்டிட்டுத்தாம்மா ஓடுனேன். எனக்கு ஒண்ணுமில்ல. வெறும் மூச்சுதான்." போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள், பேசாமல், கேட்கட்டும் என்று. அம்மா திட்டுவாள் என்று நான் நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல் கேட்டது, வேறு குரல் மாதிரி இருந்தது. "அன்னைக்கு அப்பாவுக்கும் இப்பிடித்தான் வாங்குச்சா?" வடிவு நடப்பதை நிறுத்தினாள். மூன்று வருஷத்தில் இதை அந்த அம்மா கேட்டதே இல்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "இல்லம்மா" என்றாள். "அப்பாவுக்கு சத்தமே இல்ல. என் தோள்ல சாஞ்சாங்க. தூங்குறாங்கன்னு நினைச்சேன். எழுப்பக் கூடாதுன்னு அசையாம உக்காந்திருந்தேம்மா. நாலு ஸ்டாப்பு." சொல்லிவிட்டு ஈரம் பார்க்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "வலிச்சாப்ல தெரியலம்மா. மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு." எதிர்ப்பக்கம் அந்த அம்மா ஏதோ சொல்கிறாள், அழுகையும் பேச்சும் கலந்து, இவள் "ம்" கொட்டிக்கொண்டே கேட்கிறாள், மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்குகிறது. நான் கேட்டிருக்கக் கூடாது, திரும்பிக் கோட்டுக்கு நடந்தேன். இரண்டாவது அணி வரிசையாக நிற்கிறது, ஒருத்தி ஷூ நுனியைச் சுண்ணாம்பில் தேய்க்கிறாள். மணி ஏழு இருபத்தேழு. எட்டு மணிக்கு இவர்களுக்கு அடுத்த வகுப்பு. "மேடம், ஊதலையா?" என்றாள் முன்னால் நின்றவள். "இருங்க பிள்ளைகளா" என்றேன். "அவ பேசி முடிக்கட்டும்."